கட்டுத்தரையை யார் பார்ப்பது?

ஆல்ப்ஷ்டாட், ஜெர்மனி
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும், கட்டுத்தரையில் இருக்கிற ஜீவன்களும் சுகம்தானே? போனில் பேசலாமே, எதற்குக் கடுதாசி என்று அப்பா கேட்பார். போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் பால் கறக்க நேரமாகிவிடுகிறது. இல்லாவிட்டால் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும் என்கிறீர்கள். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அப்பா, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரும்போது இதை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். கடைசி வரைக்கும் படியுங்கள், விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

இங்கே வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி. வெடியால எழுந்து அவர் பனியைத் தள்ளி வழி பண்ணினால்தான் பாப்பா பள்ளிக்கூடம் போக முடியும். ஆனால் இந்தப் பனியில் நின்றுகொண்டு அக்கம்பக்கத்தில் பேசுவதெல்லாம் ஆடி மாதத்தைப் பற்றித்தான். யார் எங்கே போகிறார்கள், எத்தனை நாள், காரிலா ரயிலிலா என்று. தை பிறந்ததும் நம் ஊரில் பழனிக்கு யார் யார் நடக்கிறார்கள் என்று பேசிக்கொள்வோமே, அந்த மாதிரி.

வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். நிறைய கம்பெனிகளில் அதைவிடக் கூடத் தருகிறார்கள், உங்கள் மாப்பிள்ளைக்கு 30 நாள். லீவில் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் போய் டாக்டர் சீட்டுக் கொடுத்தால், அந்த நாட்கள் லீவுக் கணக்கிலேயே வராது. இதை அவர் சொன்னபோது, காய்ச்சலோடு எழுந்து போய்ப் பால் கறந்த அம்மாதான் என் நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளி விடுமுறையை வேறு வேறு வாரத்தில் தொடங்குகிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் கிளம்பினால் ரோடு தாங்காது. எங்கள் பக்கம் ஜூலை கடைசியில் தொடங்கி ஆறு வாரத்துக்கு மேல். பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போனால் அபராதம் போடுவார்கள். நோம்பிக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் மழுப்பினேனே, காரணம் இதுதான்.

எங்கள் கட்டடத்தில் நான்கு வீடு. மாடிப்படியைக் கூட்டித் துடைப்பது வாரம் ஒரு வீட்டின் முறை. முறை வந்துவிட்டால் நம் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். துடைத்து முடித்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். அந்தப் படிக்குக் கீழே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வருடம் பூராவும் யார் எந்தத் தேதியில் இருக்க மாட்டார்கள், அப்போது அவர்கள் வீட்டுச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, தபால் பெட்டியை யார் பார்ப்பது, படி முறையை யார் எடுத்துக்கொள்வது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். தை மாதத்திலேயே பாதிக் கட்டம் நிரம்பிவிட்டது.

முதல் வருடம் அந்தத் தாளில் எங்கள் கட்டத்தில் 'இந்தியா' என்று எழுதினேன். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "அது சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவது. உன் ஊர்லௌப் எங்கே?" என்று கேட்டார். லீவுக்கு ஊர் சுற்றப் போவதை அவர்கள் ஊர்லௌப் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அதில் ஊர் இருக்கிற மாதிரிதான் படும். ஊருக்குப் போகாமல் என்ன ஊர்லௌப் என்று அன்றைக்கு மனசு கொஞ்சம் வலித்தது. அவர் வித்தியாசமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. கடலோ மலையோ, தெரியாத இடத்துக்குப் போய் ஒரு வேலையும் செய்யாமல் இருந்துவிட்டு வருவதுதான் இங்கே எல்லாருக்கும் கணக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் நான்கு வீட்டாரும் காப்பிக்குக் கூடினோம். நான் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெல்லம் கிடைத்தது, பச்சரிசி மட்டும் சரியாக வரவில்லை. ஆனாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை அம்மா.

கீழ்வீட்டுத் துருக்கிக்காரர் முதலில் பேசினார். 1961இல் ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில் ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். வருடம் ஒருமுறை குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போவார்களாம். ஆஸ்திரியா, அன்றைக்கு ஒரே நாடாக இருந்த யூகோஸ்லாவியா, பல்கேரியா தாண்டி எடிர்னே என்ற துருக்கி எல்லை ஊருக்குப் போய்ச் சேர 2,000 கிலோமீட்டரை நெருங்கிவிடும். கார் கூரைமேல் மூட்டை முடிச்சு, தையல் மெஷின், சைக்கிள். வழியில் ஓட்டலில் ஒரு காசு செலவு பண்ணாமல் அவருடைய அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். எனக்கு நம் கட்டுச்சோறு ஞாபகம் வந்தது. எல்லையைத் தாண்டியதும் அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பாராம். இதைச் சொல்லும்போது அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

மேல்மாடி அம்மா கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர், கெம்னிட்ஸ் பக்கம். அந்தக் காலத்தில் அவர்கள் மேற்கே எங்கேயும் போக முடியாது. ஹங்கேரிக்குப் போகலாம். அங்கே பலட்டான் என்று ஒரு பெரிய ஏரி. மேற்கு ஜெர்மனிக்காரர்களும் அங்கே வரலாம் என்பதால், பிரிந்துபோன அண்ணன் தங்கைகள் விடுமுறையைச் சாக்காக வைத்து அந்த ஏரிக்கரையில் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாம். 1989 ஆகஸ்டில் இவரும் கணவரும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் ஆஸ்திரியா எல்லையைக் கிழக்கு ஜெர்மனிக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. காரை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்து தாண்டிவிட்டார்கள்.

"நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் அவளுக்குத்தான் கஷ்டம்" என்றார். நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்த பிறகு ஊருக்குப் போய்ப் பார்த்தால், வீட்டுக்குச் சீல் வைத்திருந்தார்கள். ஆனால் சீல் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே அந்தப் பெண் ஏழு தொட்டியையும் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் வைத்து, மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். இப்போதும் மேல்மாடி ஜன்னலில் ஒரு தொட்டி இருக்கிறது. அந்தச் செடியின் கிளையை ஒடித்து நட்டு வந்ததுதானாம். போன வருடம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது அதற்குத் தண்ணீர் ஊற்றியது நான். இந்தக் கதை அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் எதிர்வீட்டுப் பெரியவர். இவரைப் பற்றி அப்பாவுக்கு எழுத வேண்டும் என்றுதான் பேனாவையே எடுத்தேன். நாங்கள் இருக்கிற ஊர் நம் திருப்பூர் மாதிரிதான். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷின் ஊசிக்குப் பேர்போன க்ரோஸ்-பெக்கர்ட் இங்கேதான் இருக்கிறது, 1852இல் தொடங்கியது. பெரியவர் மெஷின் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்த நாட்டுக்கு மெஷின் போனாலும் கூடவே போய் மாட்டிக்கொடுத்துவிட்டு வருவார். நான் எந்த ஊர் என்று இரண்டு வருடமாக அவர் கேட்டதில்லை, நானும் காங்கேயம் என்றால் யாருக்குத் தெரியப் போகிறது என்று சொன்னதில்லை. அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, பக்கத்து ஊர் திருப்பூர் என்றேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஒரு ஆல்பத்தோடு வந்தார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 1994 என்று எழுதியிருந்தது. முதல் படத்தில் புது மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறார். 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் 2,200 ஊசிக்கு மேல் இருக்கும், அதில் ஒன்று கெட்டாலும் துணி முழுக்கக் கோடு விழும் என்று விவரமாகச் சொன்னார். அடுத்த படத்தைத் திருப்பினார். கம்பெனி முதலாளி ஞாயிற்றுக்கிழமை தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறார் பெரியவர். கையில் இளநீர். பக்கத்தில் ஒரு மயிலைக் காளை, திமில் அவர் தோள் உயரத்துக்கு. பின்னால் கிளுவை வேலி. அம்மா, நம் கிளுவை வேலியேதான். மழை இல்லாத மாசம் போலிருக்கிறது, இலை உதிர்ந்து முள்ளும் குச்சியுமாக நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்வேல மரம். நான் அந்தப் படத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எந்த ஊர் என்று அவருக்கு நினைவில்லை. முதலாளியின் அம்மா திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொல்லிச் சோறு போட்டார்களாம், அது மட்டும் மறக்கவில்லை என்று, "சாப்டுங்க" என்றார். 'ங்க' கொஞ்சமும் தவறவில்லை.

பேச்சு மேட்டுப்பாளையம் ரயிலுக்குப் போயிற்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் நடுவில் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிறதே, அந்த முறை ஆப்ட் என்ற சுவிஸ் என்ஜினீயர் கண்டுபிடித்தது. பழைய நீராவி என்ஜின்களும் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்ற ஊரில் செய்து வந்தவைதான். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் அந்த ஊர் வந்துவிடும் என்றார். அப்பா, ஊட்டி ரயிலைப் பற்றி நீங்கள் எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன்.

கடைசியில் என் முறை வந்தது. உன் அம்மா அப்பா எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பழனி நடையைச் சொன்னேன். பச்சை வேட்டி, காவடி, தாராபுரம் வழியாக இரண்டு ராத்திரி மூன்று பகல், வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் மோரும் சோறும் கொடுப்பது. எதிர்வீட்டு அம்மா ஸ்பெயினில் சந்தியாகோ கோயிலுக்குச் சிப்பி அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தவர். உன் அம்மாவும் நடந்தாரா என்றார். "கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை" என்றேன். அதற்குப் பிறகு? எனக்குப் பதில் வரவில்லை அம்மா. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பொழுதோட பால் கறக்க வந்துவிடுவீர்கள். நம் வீட்டு மாடத்தில் காசியிலிருந்து வந்த கங்கைச் செம்பு இருக்கிறது, ராமேஸ்வரத்துச் சங்கு இருக்கிறது, திருச்செந்தூர் விபூதி இருக்கிறது. எல்லாம் மற்றவர்கள் போய்வந்தது. அவர்கள் போயிருந்த நாளில் அவர்கள் வீட்டு மாட்டுக்கும் சேர்த்துத் தட்டு அறுத்துப் போட்டவர் நீங்கள்.

மாடு இருக்கிறது, அதனால் வர முடியாது என்று நான் சொன்னதும் மேல்மாடி அம்மா கேட்டார், "பக்கத்தில் வீடு இல்லையா?" என்று.

இருக்கிறதே அம்மா. கிழக்காலத் தோட்டத்து அத்தை காசிக்குப் போனபோது பன்னிரண்டு நாள் அவர்கள் கட்டுத்தரையை நீங்கள்தானே பார்த்தீர்கள்? அத்தையிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "உங்கம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எப்பவோ பார்த்துக்க மாட்டேனா" என்று அழுகிற மாதிரி சொன்னார்கள். இரண்டு நேரமும் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிடுவார்கள். நாய்க்குச் சோறு வைப்பதும் அவர்கள் பொறுப்பு. தண்ணி கட்ட மாமா இருக்கிறார்.

சித்திரையில் கண்ணபுரம் தேர் முடியட்டும், அப்பா சந்தையையும் பார்த்துவிடட்டும். வைகாசியில் கிளம்பினால் இங்கே குளிர் விட்டிருக்கும், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம். விசாவுக்கு நான் இங்கே அலுவலகத்தில் உறுதிக் கடிதம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டும், அதற்கு உங்கள் பாஸ்போர்ட் நம்பர் வேண்டும். அப்பாவும் நீங்களும் ஒரு நாள் விசா ஆபீசுக்கு நேரில் போய்வர வேண்டியிருக்கும், அண்ணன் கூட்டிப்போவான். மாடிப்படித் தாளில் வைகாசிக் கட்டத்தில் பாப்பா 'அம்மிச்சி, அப்புச்சி' என்று தமிழில் எழுதிவிட்டாள். கீழே எதிர்வீட்டுப் பெரியவர், நீங்கள் இங்கே இருக்கப் போகிற ஆறு வாரமும் எங்கள் படி முறையைத் தான் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். செவலை இப்போது எத்தனை மாதச் சினை? சித்திரைக்குள் கன்று போட்டுவிடுமா, வைகாசிக்குத் தள்ளுமா என்று பார்த்து எழுதுங்கள். அதற்குத் தகுந்தபடிதான் டிக்கெட் போட வேண்டும்.

உங்கள் அன்பு மகள்