மாமாவோடு பேசு

தங்கச்சிமடம்

அன்பு மகனுக்கு,

மருமகள் பேசினாள். இலங்கை ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க கச்சத்தீவில் போய் இறங்கியதை வைத்து உனக்கும் உன் மாமனாருக்கும் போனிலேயே முட்டிக்கொண்டதாம். அதிலிருந்து நீ யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிடுவதே இல்லையாம். டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு நம் தங்கச்சிமடத்துக்காக அவர் ஊர் குருநகரோடு சண்டை, நல்ல கூத்து! போனில் சொன்னால் பாதியில் மறித்துப் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கோபம் எனக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 1 அன்று அனுர அங்கே போனதும், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பேசியதும் நம் ஆட்களைப் பார்த்துச் சொன்னதுதான். அதை நீ கண்டித்தால் நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் சம்பந்தியைப் பார்த்து, "நீங்கள் அனுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குக் குத்தியதன் பலன்" என்றாயாமே, அதுதான் சரியில்லை. அந்த ஓட்டை அவர் நம்மை நினைத்தா போட்டார்?

இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022ஐ நினைத்துப் பார். அந்த மார்ச்சில் தனுஷ்கோடி மணல் திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களை நம் ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். மண்டபம் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். வராமல் அங்கேயே கிடந்தவர்களில் சம்பந்தியும் ஒருவர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயில் இருந்து ஒரே தாவலில் 340 ஆனது. அவருடைய படகு ஓடுவதே மண்ணெண்ணெயில். அப்போதைய ஜனாதிபதி கோத்தபய ஊரை விட்டு ஓடியபோது நீயும் நானும் செய்தி பார்த்தோம். சம்பந்தி கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குத்தவில்லை. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலில் வந்தார், அடுத்தது சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன். அனுர அங்கே ரொம்பப் பின்னால். இரண்டே மாதத்தில், நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில், அந்த மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று திசைகாட்டிக்குப் போனது. அவ்வளவு பேர் மனம் மாறினார்கள் என்றால், பழைய ஆட்களை அவர்கள் எவ்வளவு பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அனுரவின் கட்சியான ஜே.வி.பி. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்ததையும், வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க வழக்குப் போட்டு 2006இல் ஜெயித்ததையும் நீ அவருக்குப் பாடம் எடுத்தாயாம். அங்கேயே இருந்து அனுபவித்தவருக்கு! உனக்கு அதெல்லாம் படித்துத் தெரிந்த விஷயம்தானே.

அவரும் சும்மா இருப்பவர் இல்லை, தெரியும். மோடியைப் பற்றி என்னிடமும் இழுப்பார். "தேர்தல் வந்தால்தான் உங்கட பிரதமருக்குக் கச்சத்தீவு ஞாபகம் வரும். 2024இல் அவ்வளவு பேசினவர், மறு வருஷம் ஏப்ரலில் கொழும்புக்கு வந்து அனுர கையால் மித்ர விபூஷண பதக்கம் வாங்கிக்கொண்டு, மறுநாள் பாம்பன் பாலத்தைத் திறக்கப் போயிட்டார்" என்பார். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் "நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்" என்று முடிப்பார் பார், அங்கேதான் எனக்கும் ஏறும். நம் ராமநாதபுரம் தொகுதியில் ஜெயித்தது மோடிக்கு எதிர் அணியின் ஏணிச் சின்னம். இரண்டாவது வந்தது பலாப்பழம். அந்தப் பலாப்பழக்காரர் முன்னாள் முதல்வர், அவர் பெயரிலேயே இன்னும் சில பன்னீர்செல்வங்கள் அதே தேர்தலில் நின்றார்கள் என்று சொன்னதும் சம்பந்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கோபமெல்லாம் போய்விட்டது. டெல்லிக்குப் போன ஓட்டெல்லாம் என் ஓட்டு இல்லை என்று அவருக்கு அன்று புரிந்தது. கொழும்பும் அவருக்கு அப்படித்தான்.

கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுக்க 1974இல் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேருமே மக்கள் ஓட்டில் வந்தவர்கள். தங்கச்சிமடத்திலும் கேட்கவில்லை, குருநகரிலும் கேட்கவில்லை. இதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சு.

மற்றபடி எங்களுக்குள்ளும் சண்டைதான். நம் படகைப் பிடித்தால் திரும்பி வருவதில்லை, இலங்கை 2018இல் போட்ட சட்டத்தில் அபராதம் ஒரு குடும்பத்தையே அழித்துவிடும், உங்கள் ஜனாதிபதி மாறியும் இது மாறவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. ராத்திரி விசைப்படகு வந்து போனால் விடியும்போது தன் வலை எப்படிக் கிடக்கும் என்று சொன்னார். நம் விசைப்படகின் இழுவை மடி வலை கடலின் அடிமண்ணை வழித்துக்கொண்டு போவது எனக்குத் தெரியாததா? வாங்கிய கடனுக்கு வேறு வழியில்லை என்றேன். அதை அவர் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. அப்புறம் பேத்தியைப் பற்றிப் பேசினோம்.

அனுரவை நீ திட்டு, மோடியை அவர் திட்டட்டும். நம் கடலில் அவர்கள் கை வைக்கும் வரைக்கும் நமக்குப் பேச உரிமை இருக்கிறது. அந்த ஊரில் வரிசையில் நின்றவனுடைய ஓட்டை மட்டும் விட்டுவிடு.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இந்த முறை பெயர் கொடுக்கப் போகிறேன். அவரும் வருகிறேன் என்கிறார். மடி விவகாரத்தை அங்கே வைத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போடு. உனக்கு விடிந்ததும் கூப்பிட்டால் அங்கே சாயங்காலம், வலை ஏற்றுவதற்கு முன்னால் பிடித்துவிடலாம். மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், அது அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும். நண்டு என்ன விலை போகிறது என்று கேள், மிச்சத்தை அவரே பேசுவார்.

அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். யாராவது டொரண்டோவுக்கு வந்தால் சொல்.

அப்பா