அரைப் பேர் விழாமல் காத்தவர்களுக்கு

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகள்தான் போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அது அவள் கணக்கு.

நாலு வருடமாக மேல்வயிற்றில் வலி. சாப்பிட்டால் தொடங்கும், முதுகு வரை போய்க் குத்தும். மல்லாந்து படுக்க முடியாது. கூடையோடு முன்னால் சாய்ந்து மலை ஏறும்போது கொஞ்சம் அடங்கும். “மலையில இல்லாத வலி லயத்து வீட்டுக்கு வந்ததும் எப்படி வருது?” என்று கேட்டவர்களும் உண்டு. கேஸ்ட்ரிக் என்று வருடக்கணக்கில் குளிசை விழுங்கினேன். ஓரிடத்தில் “குடிப்பீங்களா?” என்று மூன்று தடவை கேட்டார்கள். சாராயமும் சிகரெட்டும் எனக்கிருக்கும் இந்தக் கணைய நோய்க்குப் பெரிய காரணங்கள்தான், சரி. ஆனால் எதையும் தொடாதவர்களுக்கும் வரும். சிலருக்குக் காரணமே அகப்படாது. நான் அந்த ரகம்.

முதல் நன்றி லயத்தில் அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருக்கும் பெரியம்மாவுக்கு. மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, எத்தனை வாளி ஊற்றினாலும் போகாமல் நின்றது. வெட்கத்தில் மூடி மறைத்தேன். அவர்தான் கவனித்து, “இதைச் சொல்லாம டாக்டர்கிட்ட வேற என்னத்தச் சொல்லப்போற?” என்று அதட்டினார். அதைச் சொன்ன பிறகுதான் கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் முழுக்கக் கல். நாட்பட்ட கணைய அழற்சி என்றார்கள்.

அங்கே ஒரு சிங்கள டாக்டர், அரைகுறைத் தமிழில், துண்டுக் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நீரும் கணையத்தில்தான் சுரக்கிறது, ரத்தத்துச் சீனியை அடக்கும் இன்சுலினும் அங்கேதான். எனக்கு இரண்டுமே குறைந்துவிட்டன. கெட்ட பகுதி திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். பொய் ஆறுதல் சொல்லாததற்கே அவருக்கு நன்றி.

கிளினிக் மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, தனியாகச் சொல்ல வேண்டும். கேஸ்ட்ரிக் குளிசைப் பழக்கத்தில், சாப்பாடு செரிக்கத் தந்த என்சைம் கெப்ஸ்யூலையும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். “சோறு உள்ள போகும்போது அதுவும் கூடவே போகணும் அக்கா” என்று முதல் கவளத்தோடு விழுங்கவைத்தார். டப்பாவை அடுப்புக்கு மேல் பலகையில் வைப்பதாகச் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார்; சூடு பட்டால் மருந்து வீணாம். இப்போது அது ஜன்னலோரத்து உடுப்புப் பெட்டியில், என் கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில்.

இன்சுலினைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் கடைக்காரத் தம்பிக்கும், கண்டி கிளினிக் நாளில் விடியற்காலை பஸ் பிடிக்கக் கொண்டுபோய் விடும் ஆட்டோத் தம்பிக்கும் என் நன்றி. ஆட்டோத் தம்பி பெட்ரோல் காசு மட்டும்தான் வாங்குவார்.

அப்புறம் எங்கள் கேங் பெண்கள். எனக்கு ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிட ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும். நான் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு நிற்கும்போது கங்காணி ஐயா வேறு பக்கம் பார்ப்பார். ஒரு நாள் ரத்தத்தில் சீனி இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, செடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். பிளேன்டீக்குக் கொண்டுவந்த சீனியை ஒருத்தி அப்படியே என் வாயில் கொட்டினாள்.

வலி கூடிய நாட்களில் எனக்குப் பறிக்க வேண்டிய கிலோ காணாது, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழ வேண்டும். ஆனால் நிறுக்கிற நேரத்தில் என் கூடை எப்படியோ கனமாக இருக்கும். யார் யார் எத்தனை பிடி போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் தராசுக்காரர் படித்துவிடுவார் என்று மகள் தடுக்கிறாள்.