பத்தாம் திகதிக்கு முன், மகனுக்கு

ஹம்
2026 மே 3

அன்புள்ள தம்பி,

காசலில் வண்டி மாறிவிட்டேன் என்று நீ அனுப்பிய செய்திதான் கடைசி. அதற்குப் பிறகு லைப்சிக் போய்ச் சேர்ந்தாயா, எத்தனை மணிக்குச் சேர்ந்தாய் என்று ஒரு வரி இல்லை. அம்மா இரண்டு தடவை உனக்குத் தொலைபேசி எடுத்தாள், மணி அடித்து நின்றுவிட்டது. அவனுக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று நான் சொன்னேன். சொல்லும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை விடு. இந்தக் கடிதத்தை நான் டிக்கெட் விஷயமாகத்தான் எழுதுகிறேன், மாதச் சந்தா கட்டி ஜேர்மனி முழுவதும் போகிற அந்த டொய்ச்லாந்து டிக்கெட்.

அன்று உன்னோடு சோஸ்ட் வரைக்கும் வந்தேன் அல்லவா. என்னிடமும் அதே டிக்கெட் இருக்கிறது, இன்னும் கால் மணிநேரம் உன் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் ஏறினேன். பரிசோதகர் வந்ததும் நீ கைபேசியைக் காட்டினாய். போன ஆண்டெல்லாம் வேலைத்தலத்தில் கொடுத்த அட்டையைத்தான் காட்டுவாய். முதலாளி கால் பங்காவது போட்டால் மேலே இன்னும் 5 வீதம் தள்ளுபடி உண்டு, ஜொப் டிக்கெட் என்பது அதுதான் என்று எனக்கு விளக்கியவனே நீதான். அட்டையை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் கைபேசியிலேயே கொடுக்கிறார்களாக்கும். அப்படியும் செய்வார்கள்.

கைபேசியில் என்றால் பற்றரியைக் கவனி. அணைந்த கைபேசியைக் காட்டி என்னிடம் டிக்கெட் இருக்கிறது என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள், 60 யூரோ எழுதித் தந்துவிடுவார்கள். பரிசோதகர் வரும் வரைக்கும் படம் பார்த்துக்கொண்டு போகாதே. அடையாள அட்டையும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பெயர் போட்ட டிக்கெட் அது, வேறு ஆளுக்குக் கொடுக்க முடியாது, ஆகவே முகத்தையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மைப் போன்றவர்களிடம் சற்று நேரம் எடுத்தே பார்ப்பார்கள். நீ இங்கே பிறந்தவன், உனக்கு அது கோபம் வரும். கோபப்படாமல் எடுத்துக் காட்டு.

சமையலறையில் தேநீர் ஊற்றும்போது, இந்தச் சந்தாவை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன் என்று மெல்லிய குரலில் சொன்னாய். அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாய். கேட்டது. நிறுத்துவதென்றால் 10ஆம் திகதிக்குள் அறிவிக்க வேண்டும், அப்போதுதான் அந்த மாத முடிவோடு நிற்கும். 11ஆம் திகதி நினைவு வந்தால் அடுத்த மாதக் காசும் கணக்கிலிருந்து போய்விடும். இதைச் சொல்வது நீ நிறுத்த வேண்டும் என்பதற்காக அல்ல. நிறுத்தாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

விலை ஏறிக்கொண்டு போகிறது, அது எனக்கும் எரிச்சல்தான். 2022 கோடையில் மூன்று மாதம் 9 யூரோ. 2023 மே மாதம் இந்த டொய்ச்லாந்து டிக்கெட் தொடங்கியபோது 49. 2025 ஜனவரியில் 58 ஆக்கினார்கள், இந்த ஜனவரியிலிருந்து 63. மத்திய அரசும் மாநிலங்களும் யார் காசு போடுவது என்று இழுபறிப்பட, கடைசியில் அது நம் தலையில் வந்து விழுகிறது. ஆனாலும் கணக்குப் பார். ஒரு நாளைக்கு இரண்டு யூரோவும் சில சதமும். அதற்கு ஜேர்மனியின் எந்த மூலையிலும் ஆர்.இ., ஆர்.பி. என்கிற பிராந்திய வண்டிகள், நகரத்து எஸ்-பான், நிலத்தடி ரயில், ட்ராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். எல்லை தாண்டி சால்ஸ்பூர்க் நிலையம் வரைக்கும்கூடப் போகலாம். ஐ.சி.இ., ஐ.சி. என்கிற தூர விரைவு வண்டிகளிலும் பச்சை நிற ஃபிளிக்ஸ் வண்டிகளிலும்தான் செல்லாது.

முன்பு நீ ஹனோவர் வழியாக நேரே வருகிற ஐ.சி.யில் வருவாய். இந்தத் தடவை ஹாலே வரை எஸ்-பான், அங்கிருந்து நோர்ட்ஹவுசன் வழியாகக் காசல், காசலிலிருந்து ஆர்.இ. 11 என்று அரை நாளைத் தண்டவாளத்தில் கழித்து வந்து இறங்கினாய். ஏன் ராசா இப்படி என்று அம்மா கேட்டதற்கு, மெதுவான வண்டிதான் பிடித்திருக்கிறது, ஜன்னலால் ஊர் பார்க்கலாம் என்றாய். நான் நம்பினேன். அந்தப் பாதை எனக்கும் பிடிக்கும். பாடர்போர்னைத் தாண்டி ஆல்டன்பேக்கன் வருவதற்குமுன் வண்டி ஒரு பெரிய கல் பாலத்தின் மேல் போகும், கீழே வீடுகளின் கூரைகள் தெரியும். 1853இல் திறந்த பாலம், இன்றைக்கும் சரக்கு வண்டிகள் முதற்கொண்டு எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. திரும்பிப் போகும்போது பார்த்தாயா? கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாயோ தெரியாது.

காசல் வில்ஹெல்ம்ஸ்ஹோவேயில் காத்திருக்க வேண்டி வந்தால் மேடையில் நிற்காதே, காற்று எலும்புக்குள் போகும். மேலே மண்டபத்தில் இரு. ஐந்து நிமிட இணைப்பை நம்பி எதையும் திட்டமிடாதே, அதற்கு அடுத்த வண்டியைக் கணக்கில் வை. ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால் இந்த டிக்கெட்டுக்கு ஒன்றரை யூரோ இழப்பீடு உண்டு. நான்கு யூரோவுக்குக் குறைந்த தொகையைக் கொடுக்கமாட்டார்கள், ஆகவே மூன்று பிந்தல்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்ப வேண்டும். ஒன்றரை யூரோவுக்குப் படிவம் நிரப்புவதா என்று நீ முன்பெல்லாம் கேட்பாய். நிரப்பு. கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் அப்பாவுக்கு எப்படி வரிசையாகப் பாடம் என்று சின்ன வயதில் கேட்பாய். நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. 1984இல் வந்து இறங்கியது கிழக்கு பெர்லினில், ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில். ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையத்தில் எஸ்-பானில் ஏறி மேற்குப் பக்கம் வந்தேன், ஐரோப்பாவில் நான் ஏறிய முதல் ரயில் அதுதான். பிறகு வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு சிறிய ஊர் முகாமில் விட்டார்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி தஞ்சம் கேட்டவன் தன் வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதற்குக் கடிதம் வேண்டும். கடிதமில்லாமல் பிடிபட்டால் தண்டம், மறுபடி பிடிபட்டால் குற்றம். பெரியப்பா ஸ்டுட்கார்ட் பக்கத்தில். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே நாட்டில், பார்க்க முடியாது. அவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தபோது கடிதம் கேட்டுப் போனேன். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அடுத்த கிழமை போனால், அவர்தான் வைத்தியசாலையிலிருந்து வந்துவிட்டாரே, இனி எதற்கு என்றார்கள்.

அந்தக் காலத்தில் வேலை செய்யவும் அனுமதி இல்லை. பின்னேரங்களில் நிலையத்துக்குப் போய்விடுவேன். புறப்படும் வண்டிகள் மஞ்சள் தாளில் இருக்கும், வரும் வண்டிகள் வெள்ளைத் தாளில். நான் மஞ்சள் தாளுக்கு முன்னால்தான் நிற்பேன். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எங்கே மாறினால் ஸ்டுட்கார்ட் போகலாம் என்று விரல் வைத்து வாசிப்பேன். ஜேர்மன் வாசிக்கப் பழகியது அந்தத் தாளில்தான். வண்டி வந்து கதவு திறக்கும், சனம் இறங்கும், ஏறும், கதவு மூடும். நான் மேடையில் நிற்பேன். எல்லை தாண்டக் கூடாது என்ற அந்த விதியை 2015இல்தான் பெருமளவுக்குத் தளர்த்தினார்கள், அதற்குள் எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

இப்போது அதே பெரியப்பாவைப் பார்க்க நான் நினைத்த நாளில் போகிறேன், யாரிடமும் கேட்பதில்லை. கொலோனில் மாறி, கொப்லென்ஸ் தாண்டி, ரைன் நதியை ஒட்டியே வண்டி போகும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கோட்டை, திராட்சைத் தோட்டம், ஆற்றில் சரக்குப் படகு. ஐ.சி.இ. 2002இலிருந்து பிராங்க்பேர்ட்டுக்கு வேறு பாதையில் ஓடுகிறது, அதில் போகிறவனுக்கு ஆட்டோபான் நெடுஞ்சாலைதான் தெரியும். ஸ்டுட்கார்ட் போய்ச் சேர மாலையாகிவிடும். பெரியப்பா ஒவ்வொரு முறையும் நிலையத்துக்கு வந்து நிற்கிறார், வர வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

உன் கையில் அதே டிக்கெட் இருக்கிறது. நீ வந்தது செவ்வாய்க்கிழமை, போனது வியாழக்கிழமை. அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வேலை நாளில் வந்து நின்றாய், எனக்குப் பெருமையாக இருந்தது, மாமியிடமும் சொன்னேன். விடுமுறை நிறைய மீதம் இருக்கிறது என்றாய். எப்போதும் தோளில் தொங்குகிற அந்தக் கணினிப் பையைக் காணவில்லை. அம்மா இரண்டாம் முறை பிட்டு வைத்தபோது கையால் தடுத்தாய். நான் எதையும் கேட்கவில்லை. சோஸ்டில் இறங்கும்போது கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கதவு திறந்துவிட்டது.

பொதுவாக ஒரு விஷயம், உன் நண்பர்கள் யாருக்காவது பயன்படும். வேலை முடியப் போகிறது என்று தெரிந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். அதைவிடக் குறைந்த காலம் என்றால், தெரிந்த மூன்று நாட்களுக்குள். பிந்தினால் உதவித்தொகையில் ஒரு கிழமையை வெட்டுவார்கள். நீ சின்னவனாக இருந்தபோது எங்கள் பட்டறையை மூடினார்கள், நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். பக்கத்தில் நின்றவர் முப்பது வருடம் வேலை செய்த ஜேர்மன்காரர். அவருக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு. இன்னொன்று, எங்கள் மாநிலத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு இதே டிக்கெட் விலை குறைவாகக் கிடைக்கிறது. லைப்சிக்கிலும் நகராட்சியில் கேட்டுப் பார்க்கலாம். உனக்காகச் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும்.

உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இரவில் பேக்கரியில் வேலை செய்து எங்களிடம் ஒரு சதம் வாங்காதவன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போனவன், இன்று என் கையெழுத்தை வாசிக்கிறான். அப்படிப்பட்டவன் ஒரு தொலைபேசி எடுக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறான்? நாங்கள் யார், அந்த வெளிநாட்டவர் அலுவலகமா? எங்களிடம் வர உனக்குக் காரணம் எழுதிய கடிதம் வேண்டுமா?

கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும், எழுதியதை வெட்டவில்லை.

அம்பாள் கோயில் தேர் வருகிறது. ஹம் நிலையத்தில் இறங்கினால் கோயில் இருக்கிற உன்ட்ரோப்புக்குப் பஸ், அதற்கும் இதே டிக்கெட்தான். தேரன்று எல்லாப் பஸ்ஸும் நிறைந்துவிடும், ஆகவே முதல் நாளே வந்துவிடு. நோர்டைக் கடற்கரைக்கு 9 யூரோ டிக்கெட்டில் போனபோது அம்மா மூன்ஸ்டரிலிருந்து எம்டன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள், அப்போதும் அவள்தான் எல்லோரையும் விடச் சந்தோஷமாக இருந்தாள். இந்தத் தேருக்கு உன்னோடு பஸ்ஸில் போக வேண்டும் என்கிறாள், தங்கையின் காரில் வரமாட்டாளாம். தங்கை வீடு மாறுகிறாள், அதை அவளே உனக்குச் சொல்லுவாள். வந்தால் உன் அறையில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு நாள் என்று இல்லை. ஒரு மாதம் என்றாலும், ஆறு மாதம் என்றாலும். எதற்கு என்று நான் கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

10ஆம் திகதிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. சந்தாவை நிறுத்தாதே. ஜூன் மாதத்துக்கு 63 யூரோ உன் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன், நாளை அல்லது நாளை மறுநாள் வந்துவிடும். போன முறை பிறந்தநாளுக்கு அனுப்பியதைத் திருப்பி அனுப்பியது போல இதை அனுப்பாதே, எனக்கு அது பிடிக்கவில்லை. எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா