கோயில் பந்தலின் இரும்பு அடுப்பு: எந்த எரிவாயுவுக்குச் செய்தது என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழா என்று அன்னதானம் இல்லாத மாதமே இல்லை என்னும் அளவுக்கு நம் கோயில்களில் சமையல் நடக்கிறது. விறகடுப்பு இருந்த இடத்தில் இப்போது இரும்புச் சட்டத்தில் பொருத்திய எரிவாயு அடுப்புகள் வந்துவிட்டன. இவற்றில் பல, ஊர் இளைஞர்களே பட்டறையில் வெட்டிப் பற்றவைத்துக் கோயிலுக்கு உபயமாகக் கொடுத்தவை. அந்த நல்ல மனத்தை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். ஆனால், அப்படிச் செய்யப்பட்ட ஓர் அடுப்பால் எங்கள் கோயிலில் நேரவிருந்த விபத்தை அருகில் நின்று கண்டவன் என்ற முறையிலும், செம்பனை ஆலையின் கொதிகலன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருத்துநராக வேலை செய்தவன் என்ற முறையிலும், மற்றக் கோயில் நிர்வாகத்தினர் அறிய வேண்டியதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அடுப்பைச் செய்த தம்பி வெல்டிங் வேலையில் கைதேர்ந்தவர். அவர் பின்பற்றிய வரைபடம் இணையத்தில் கிடைத்தது; அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்காக வரையப்பட்டது. அந்நாட்டில் 1978இல் நிறைவேறிய கூட்டரசுச் சட்டம் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பியர் காய்ச்சுவதற்கு வழிவிட்டதிலிருந்து, அதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மூன்று பாத்திரங்கள் வைக்கும் இரும்புத் தாங்கிகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அடுத்ததில் 65 டிகிரி செல்சியஸ் அளவில் ஊறும் முளைகட்டிய பார்லி நொய், மூன்றாவதில் வடித்த சாறு கொதிக்கும். ஏறத்தாழ 58 லிட்டர் கொள்ளும் பழைய எஃகுப் பீப்பாயின் மேல்மூடியை வெட்டி எடுத்து அதையே பாத்திரமாக வைப்பவர்களும் உண்டு. மூன்று பெரிய அண்டாக்கள் ஒரே நேரத்தில் கொதிக்க வேண்டும் என்பதால், சாம்பார், பாயசம், வெந்நீர் மூன்றுக்கும் இது பொருந்தும் என்று தம்பி நினைத்ததில் தவறில்லை. அந்த வரைபடம் வீட்டுக்குக் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கானது என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் கோயிலிலோ நாம் கேஸ் தோங் என்று சொல்லும் 14 கிலோ கலன்தான் உண்டு.

திருவிழாவுக்கு முந்திய மாலையில் அடுப்பைச் சோதித்தார்கள். பெரிய அண்டா சீக்கிரம் கொதிக்க வேண்டும் என்று, சீனச் சட்டி அடுப்புக்குப் பயன்படும் உயர் அழுத்த ரெகுலேட்டரைக் கலனில் மாட்டியிருந்தார்கள். தீக்குச்சியைக் காட்டியவுடன் நீலச் சுடர் வரவில்லை. மஞ்சளும் செம்மஞ்சளுமாக எழுந்த நெருப்பு அண்டாவின் பக்கங்களை நக்கிக்கொண்டு விளிம்புக்கு மேலே ஏறியது. முதல் நாள் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்த பித்தளை அண்டா இரண்டு நிமிடத்தில் கரிச்சட்டி போலக் கறுத்தது. வால்வை மூடக் கை நீட்டிய தம்பியின் முன்கை மயிர் கருகிவிட்டது. நான் ஓடிப்போய்க் கலனின் வாயை மூடினேன். பிறகு குனிந்து பார்த்தபோது, சட்டத்துக்கு அடியில் கிடந்த ரப்பர் குழாய் ஒரு சாண் நீளத்துக்கு இளகிப் பளபளத்துக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவே கை வரவில்லை. பக்கத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர்.

காரணம் எளிது. இயற்கை எரிவாயு பெரும்பகுதி மீத்தேன். வீட்டு அடுப்புக்கு அது 2 கிலோபாஸ்கல் அளவிலான மிகக் குறைந்த அழுத்தத்தில் வருகிறது. கலனில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ எரிவாயு. ஒரே கன அளவில் ஒப்பிட்டால் இது மீத்தேனைப் போல ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம் தரும். ஆகவே இயற்கை எரிவாயுவுக்கான பர்னரில் வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாகவும், திரவ எரிவாயுவுக்கான பர்னரில் சிறிதாகவும் இருக்கும். பெரிய துளையில் கலன் வாயுவை, அதுவும் உயர் அழுத்தத்தில் செலுத்தினால், எரிபொருள் பல மடங்காகப் பாய்கிறது. அதற்கு ஈடான காற்று உள்ளே வருவதில்லை. ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 பங்கு காற்று போதும். புரோப்பேனுக்கு ஏறத்தாழ 24 பங்கு வேண்டும். காற்று போதாத நெருப்புதான் மஞ்சளாக எரிந்து கரியைக் கக்குகிறது. அத்துடன், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்குகிறது. மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிய பந்தலுக்குள் இது எத்தகைய ஆபத்து என்பதைச் சமையல் பொறுப்பில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கக்கூடும். நகரத்தில் குழாய் எரிவாயு உள்ள இடத்தில் சிறு துளை பர்னரை மாட்டினால் சுடர் வலுவற்றுத் துவளும். உடனே யாராவது துரப்பணத்தை எடுத்துத் துளையைப் பெரிதாக்கிவிடுவார்கள். அதே அடுப்பு அடுத்த ஆண்டு கைமாறித் தோட்டப்புறக் கோயில் ஒன்றுக்கு வந்து சேர்ந்தால், துளை பெரிதாக்கப்பட்டது என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அதனால்தான், எந்த வாயுவுக்குச் செய்தது என்பதை அழியாத எழுத்தில் சட்டத்திலேயே பொறித்துவிட வேண்டும் என்கிறேன்.

கசிவிலும் இரண்டு வாயுக்களும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மீத்தேன் காற்றைவிட இலேசானது. மேலெழுந்து கலைந்துவிடும், கூரை மூடியிருந்தால் அங்கே தங்கும். கலன் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் மடைப்பள்ளியில் அடுப்புக்கு ஐந்தடி தூரத்தில் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. கலன்களை அதன் கரையில்தான் இதுவரை வரிசையாக வைத்துவந்தோம். அவற்றை இப்போது மேட்டுப்பக்கம் மாற்றிவிட்டோம். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்கிறோம்.

இரும்புச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அமெரிக்க வரைபடத்தில், வெந்நீர் தானாகவே கீழிறங்கும்படி பாத்திரங்களைப் படிப்படியாக உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அடியில் குழாய்வாய் உள்ள பீப்பாய்க்கு அது பொருந்தும். நூறு லிட்டர் பாயசத்தை நெஞ்சுயரத்தில் கொதிக்கவிட்டு, ஒருவர் முக்காலியில் ஏறி நின்று கிளறுவதற்கு அது பொருந்தாது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோவுக்கு மேல். மூன்று அண்டா என்றால் முந்நூறு கிலோவைத் தாண்டும். நம் சட்டம் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல், கால்கள் வெளிப்புறம் அகன்று, மழையில் நனைந்த மண்ணில் புதையாதபடி அடியில் இரும்புத் தகடு வைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்கப் பழைய துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பயன்படுத்துகிறார்கள்; அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்களுக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஆலையில் என்னோடு வேலை செய்த ஒருவர் இதனால் இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். பூச்சில்லாத ஆங்கிள் இரும்புக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதைத்தான் வாங்க வேண்டும்.

மூன்று பெரிய பர்னர்களை ஒரே 14 கிலோ கலனில் இணைப்பதும் கூடாது. உள்ளிருக்கும் திரவம் வேகமாக ஆவியாகும்போது கலன் குளிர்ந்து, வெளிப்புறம் வியர்த்து, அழுத்தம் குறைந்து சுடர் ஒடுங்கும். அப்போது கலனின்மேல் வெந்நீர் ஊற்றுவதும், அதைப் படுக்கப் போட்டு உருட்டுவதும் நம் பந்தல்களில் சாதாரணமாக நடக்கின்றன. படுத்த கலனிலிருந்து திரவமே குழாய்க்குள் வந்துவிடும். இது மிகக் கொடிய பழக்கம், தயவுசெய்து விட்டுவிடுங்கள். பர்னருக்கு ஒரு கலன் என்று தனித்தனியாக வைப்பதே பாதுகாப்பு.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி சிலாங்கூர் மாநிலத்தின் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்ததைப் பார்த்தபின், இயற்கை எரிவாயு என்றாலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நடுங்குகிறார்கள். அந்தத் துயரத்தில் வீடிழந்தவர்களை நினைக்கும்போது அந்த அச்சம் புரிகிறது. என்றாலும், அது மிக உயர்ந்த அழுத்தத்தில் வாயுவைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய். வீட்டு அடுப்புக்கு வரும் குழாயை அதனோடு ஒப்பிட முடியாது. எந்த வாயுவானாலும் அதற்கென்று செய்த கருவியில் எரித்தால்தான் பாதுகாப்பு.

வரைபடம் பியர் காய்ச்சுவதற்கானது என்று தெரிந்தபோது நிர்வாகத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் அம்மா காத்து நின்றதைச் சிறுவயதில் கண்டவன். 1947இல் கெடாவில், பீடோங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டு நின்ற வரலாற்றைப் போற்றுகிறவன். உரிமமின்றி மது காய்ச்சுவது நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம் என்பதையும் தம்பிகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் இரும்புத் தாங்கியின் வரைபடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. அந்தத் தம்பியைக் கடிந்துகொண்டு அனுப்பிவிட்டால், அடுத்த முறை நம்மிடம் காட்டாமலேயே செய்வார்.

எனவே கோயில் நிர்வாகத்தினரை நான் கேட்டுக்கொள்வது இதுதான். உபயமாக வரும் எந்த எரிவாயு அடுப்பையும், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற தகுதியுள்ள எரிவாயுப் பணியாளர் ஒருவர் பார்த்துச் சரியென்று சொல்லாமல் பயன்படுத்தாதீர்கள். பர்னரையும் ரெகுலேட்டரையும் குழாயையும் கடையில் புதிதாக வாங்குங்கள். காற்றில் சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் வால்வு உள்ள பர்னராகப் பாருங்கள். சட்டத்தை மட்டும் நம் பிள்ளைகள் செய்யட்டும். தொழிற்கல்லூரிகளில் வெல்டிங் படிக்கும் நம் மாணவர்களும் இதில் சேர்ந்தால் அவர்களுக்கும் நல்ல பயிற்சியாகும். தங்கள் ஞாயிறு பதிப்பில் இதைப் படங்களோடு ஒரு பக்கம் விளக்கினால், மடைப்பள்ளிச் சுவரில் ஒட்டிவைக்க வசதியாக இருக்கும்.

எங்கள் கோயிலின் பழைய பர்னர்களைக் கழற்றிவிட்டோம். அதே தம்பி, அதே சட்டத்தின் கால்களை வெட்டிக் குட்டையாக்கி, கலன் வாயுவுக்கு உரிய புதிய பர்னர்களைப் பொருத்தியிருக்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை அதில் முதன்முதலாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்; சுடர் நீலமாக நின்றது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செம்பனை ஆலைப் பொருத்துநர்,
பகாவ், நெகிரி செம்பிலான்.