தேதி தவறாமல் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகள் பிளஸ் டூ தேர்வில் தேர்ச்சி பெற்று, தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வணிகவியல் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஒரு வயது நிறைவதற்கு முன்பிருந்தே பிறர் கொடுத்த இரத்தத்தால் வளர்ந்த பிள்ளை அவள். அந்த இரத்தத்தைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், பெயரை எங்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே யாரையும் பெயர் சொல்லாமல், படிக்கிறவர்கள் தம்மைத் தாமே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நான் அரூர் வட்டத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பெரியவர்கள் முடித்து வைத்த திருமணம். எங்கள் பக்கத்தில் இது வழக்கந்தான். எங்கள் இருவர் உடலிலும், இரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவுக்கான மரபுக்கூறு இருந்ததும், பெற்றோர் இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அந்த நோய் வர வாய்ப்பு உண்டு என்பதும் மகள் பிறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. குழந்தை வெளுத்துக்கொண்டே போனாள். பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுவாள். நாங்கள் காட்டிய ஒரு மருத்துவமனையில் இதைச் சாதாரண இரத்தசோகை என்று கருதி இரும்புச்சத்து டானிக்கைத் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார்கள். உடலில் இரும்பு தேங்குவதே இந்த நோயின் பெரிய ஆபத்து என்பதை அப்போது நாங்கள் எங்கே கண்டோம்?

தடுப்பூசி போட வந்த கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. "இது டானிக்குல தீர்ற சமாச்சாரம் இல்லீங்க, நாளைக்கே தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொன்னதோடு நில்லாமல், மறுநாள் தாமே விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களுடன் பேருந்தில் வந்தார். அந்த அம்மையாருக்கு எங்கள் முதல் நன்றி. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்த காலம் அது. இல்லாவிட்டால் மாதந்தோறும் சேலத்துக்குத்தான் அலைந்திருப்போம்.

தலசீமியா கடுமையாக உள்ள பிள்ளைக்கு, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிவப்பணு இரத்தம் ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு 17 முறை. வளர்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு யூனிட் என்றால் 34 யூனிட். ஓர் ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், ஒரு பெண் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும்தான் இரத்தம் கொடுக்கலாம். ஆக, எங்கள் ஒரு பிள்ளை ஓர் ஆண்டு பள்ளிக்குப் போய் வர வேண்டுமானால், ஒரு தவணையும் விடாமல் கொடுக்கக்கூடிய ஆண்கள் குறைந்தது 9 பேர் எங்கோ இருந்தாக வேண்டும். இதை விலைக்கும் வாங்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பையடுத்து, பணத்துக்கு இரத்தம் கொடுப்பது 1998 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. நல்ல தீர்ப்பு, ஆனால் அதன் பொருள், மனமுவந்து யாராவது கை நீட்டினால்தான் உண்டு, இல்லையென்றால் கோடீசுவரன் வீட்டுப் பிள்ளைக்கும் இல்லை என்பதே.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் இது என்று எங்கள் ஊர் மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். பெருமையான செய்திதான். ஆனால் அவன் கொடுத்தது ஒரே ஒரு முறை. எங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தேவைப்பட்டது! சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தலைவர்களின் பிறந்தநாளன்று நூறு பேர் ஒரே பந்தலில் படுத்து இரத்தம் கொடுப்பதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அதனால் பிழைத்தவர்கள் பலர். ஆயினும் அந்தக் கூட்டம் கலைந்த இரண்டாம் மாதத்தில் இரத்த வங்கியின் அலமாரி காலியாக இருப்பதைக் கண்ட தகப்பன் என்ற முறையில், ஆரவாரமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் தனியாக வந்து கொடுத்துவிட்டுப் போகிறவரைத்தான் என் மனம் முதலில் கும்பிடுகிறது.

அப்படித் தனித்தனியாக வருகிறவர்களை ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவினர். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான் என்பது இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாரம் தவறாமல் சிறுதொகை கட்டிப் பழகிய அந்தப் பெண்களுக்கு, நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. குழுவின் ஊக்குநர் ஒரு நீள நோட்டை எடுத்து, சேமிப்புக் கணக்குக்குக் கோடு போடுவதைப் போலவே மாதவாரியாகக் கட்டம் போட்டு, எந்த வீட்டில் எந்தப் பையன் எந்த மாதம் கொடுக்க வேண்டும், யார் எப்போது கொடுத்தார், அடுத்து எந்தத் தேதிக்குப் பிறகு கொடுக்கலாம் என்று எழுதி வைத்தார். பெங்களூருவில் கட்டட வேலைக்கும் ஓசூரில் ஆலை வேலைக்கும் போயிருந்த பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ற கட்டத்தில் போட்டுவிடுவார். கட்டத்தில் பெயர் வந்த பிறகு தட்டிக் கழிக்க அந்தப் பையன்களால் முடிந்ததில்லை. தவணையை வசூலிக்கத் தெரிந்தவர்கள் அல்லவா!

கொடுக்கிற இரத்தம் நேராக எங்கள் மகளுக்கே வரும் என்று தொடக்கத்தில் பலர் எண்ணியிருந்தார்கள். அப்படி இல்லை. எடுத்த இரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் இரு வகைகள், பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதித்து, வகை பிரித்து இருப்பில் வைப்பார்கள். தேவைப்படுகிறவருக்கு அது போகும். எங்கள் ஊர்ப் பையன் கொடுத்தது பென்னாகரத்தில் பிரசவித்த ஒரு தாய்க்கோ, தொப்பூர்க் கணவாயில் விபத்தில் சிக்கிய ஓட்டுநருக்கோ போயிருக்கலாம். என் மகளின் கையில் ஏறியது பாலக்கோட்டுக்காரருடையதாக இருக்கலாம். தலசீமியா பிள்ளைகளுக்கு அரசு இரத்த வங்கி, பதிலுக்கு உறவினர் யாரும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்காமலே கொடுக்கிறது. இது தெரிந்த பிறகும் எங்கள் ஊர்க்காரர்கள் நோட்டை மூடவில்லை. "நம்ம புள்ளைக்கு எவனோ குடுக்கறான், நாம எவனுக்கோ குடுக்கறோம்" என்று ஊக்குநர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஏப்ரல், மே மாதங்கள் எங்களுக்குக் கடினமானவை. கல்லூரிகள் மூடியிருக்கும், மாணவர்கள் கொடுக்கும் இரத்தம் நின்றுவிடும். ஒரு கோடையில் தவணைக்கு நான்கு நாள் தள்ளிப்போய், மகளால் மாடிப்படி ஏற முடியவில்லை. அப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் மண்டியில் சுமை தூக்கும் தோழர்கள், மேஸ்திரி சொன்ன ஒரு சொல்லுக்காக, வேலை இல்லாத நாளில் தருமபுரிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடையாளரின் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது, அவருக்குக் குறைந்திருந்தது. மூட்டை தூக்கும் உடம்பில் இரத்தம் பற்றவில்லை என்றதும் அவர் மிகவும் கூசிப்போனார். நீலச் சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டே, "என்ன சாப்பிட்டா ஏறும், அத மட்டும் சொல்லுங்க" என்று ஆய்வக ஊழியரைக் கேட்டார். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, கூடவே நெல்லிக்காய் என்று அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கள்ளும் சாராயமும் ஆகாது என்று வாயால் சொன்னார். மாங்காய்ப் பருவம் முடிந்து, மண்டியில் வேலை குறைந்த நாளொன்றில் அவர் தனியாக வந்து, அந்தச் சீட்டையும் காட்டி, இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று எங்கள் மகளுக்குத் தவணை இல்லை. அவருக்கும் அது தெரியும்.

பணமாகக் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். எலும்பு மச்சை மாற்றினால் நோய் தீரும் என்று கேட்டு, எங்கள் மகனின் மச்சை அவளுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேலூருக்குப் போனபோது, ஊரில் மொய் எழுதுவதைப் போல வீடு வீடாக எழுதிக் கொடுத்தார்கள். மச்சை பொருந்தவில்லை. மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கிக்கொள்ள ஆளில்லை; மலையடிவாரத்திலிருந்து வரும் வேறு இரு பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும், ஏற்றும் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை வடிகட்டும் ஃபில்டர் வாங்கவும் அது பயன்பட்டது.

இன்னும் சிலரைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. இரும்பை வெளியேற்றும் மாத்திரையை வெறும் வயிற்றில் கரைத்துக் குடித்தாளா என்று நாள்தோறும் கேட்டு, இரத்தம் ஏற்றும் நாளில் விட்டுப்போன பாடத்தை மாலையில் உட்கார வைத்து நடத்திய வகுப்பாசிரியை. எங்களுக்காக முதல் பேருந்தில் இருக்கை பிடித்து வைத்த நடத்துநர். மருத்துவமனை எதிரில் பாலுக்கு மட்டும் காசு வாங்காத தேநீர்க்கடைக்காரர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருப்பதை எங்களுக்குச் சொல்லி, சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த அலுவலர். நரம்பு கிடைக்காத நாளில் ஊசியைக் குத்திக் குத்திப் பார்க்காமல், பிள்ளையின் கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கி ஒரே குத்தில் எடுத்துவிடும் செவிலியரை மகள் இன்றும் அத்தை என்றுதான் அழைக்கிறாள்.

ஒரு கசப்பையும் சொல்லாமல் விட முடியவில்லை. "பொட்டைப் புள்ளைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று எங்கள் உறவிலேயே கேட்டவர்கள் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி எந்த மண்ணிலிருந்து முளைக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதே மண்ணில்தான் முகம் தெரியாத ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பெண் பிள்ளைக்காகவும் கை நீட்டினார்கள். கேட்ட உறவினரின் மகனும் பிற்பாடு நோட்டில் ஏறினான். அவன் தன் திருமணத்துக்கு முன்பு, தலசீமியா மரபுக்கூறு உடலில் உண்டா என்று காட்டும் ஹெச்பி ஏ2 இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, பெண் வீட்டாரையும் செய்துகொள்ளச் சொன்னதை, எங்கள் குடும்பத்துக்குச் செய்த தனி உதவியாகவே கருதுகிறேன். அதைக் கேட்டு இன்னும் சில வீடுகளில் பரிசோதித்திருக்கிறார்கள்.

மகள் இரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் ஊக்குநருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால், அந்த நீள நோட்டை இந்த மாதம் முதல் அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். வணிகவியல் படிக்கிற பிள்ளை, கணக்குச் சரியாகத்தான் இருக்கும். வரும் கோடைக்கான கட்டங்களில் பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் வரிசைகள் இன்னும் நிரம்பவில்லை. ஆகவே உங்களுக்கு இனி அழைப்பு அவளுடைய கைப்பேசியிலிருந்து வரும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
பிள்ளையின் பெற்றோர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.