தீக்கோல் வாங்கினால் போதாது, ஒட்டுப்பாலும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் காட்டில் முகாம் போடுவது பற்றி வந்த கட்டுரையைப் பேரன் எனக்குப் படித்துக் காட்டினான். ஃபெரோ ராட் என்ற, கத்தியால் உரசினால் பொறி கொட்டும் கறுப்புக் கோல் ஒன்று கையில் இருந்தால் எந்த மழையிலும் தீ மூட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கோலை நம்பிப் போன 14 பேர் ராத்திரி எட்டு மணி வரை பச்சைத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சமைக்கப் போனவள் நான்தான்.

போன மழைக்காலத்தில் கோயில் இளைஞர்களோடு எங்கள் பேராக் மாநிலத்து லாசா பக்கம், பிளஸ் ஆற்றோரம் கூடாரம் போட்டோம். நாலு மணிக்குப் பிடித்த மழை ஆறரைக்குத்தான் விட்டது. பேரன் இணையத்தில் 18 மலேசிய வெள்ளிக்கு வாங்கிய கோலை உரசினான், உரசினான், ஒரு பொறி இல்லை. "கொடுடா இப்படி" என்று வாங்கிப் பார்த்தேன். புதுக்கோல், மேலே பூசிய கறுப்புச் சாயம் அப்படியே இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால்தானே உள்ளே இருக்கும் உலோகத்தில் கத்தி படும்? அதுவும் பாராங் வெட்டுக்கத்தியின் வாய்ப்பக்கத்தால் உரசி, தீட்டி வைத்திருந்ததையும் மழுக்கிவிட்டான். முதுகுப்பக்கம், விளிம்பு கூராக உள்ள இடத்தில் வைத்து உரச வேண்டும். கத்தியை முன்னால் தள்ளினால் அடியில் குவித்துவைத்த பஞ்சு கலைந்துபோகும். கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கோலைப் பின்னால் இழுக்க வேண்டும்.

சாயம் போனதும் பொறி மத்தாப்பாய்க் கொட்டியது. ஏறக்குறைய 3,000 டிகிரி சூடாம். இருந்து என்ன செய்ய? கீழே கிடந்தது ஈர இலையும் தரையில் ஊறிய சுள்ளியும். ஒரு பையன் மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் எடுத்து வந்து ஊற்றினான். குப்பென்று எழுந்து அவன் புருவத்தைக் கருக்கிவிட்டு அணைந்தது. விறகு அப்படியே கிடந்தது. கண் தப்பியது மாரியாத்தா புண்ணியம்.

நான் 31 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும், அதற்கு முன்னால் லயத்து வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். மழை என்று சொன்னால் கங்காணி கேட்பாரா? எங்களுக்குக் கைகொடுத்தது ஒட்டுப்பால். முதல்நாள் வெட்டிய கோட்டில் வழிந்து காய்ந்த பால், நாடா மாதிரி உரிந்து வரும். விரல் நீளத் துண்டு போதும். தண்ணீரில் விழுந்தாலும் துடைத்துவிட்டுப் பற்றவைத்தால் உருகிச் சொட்டி நின்று எரியும், ஈர விறகு காயும்வரை தாங்கும். கரும்புகையும் நாற்றமும் உண்டு. அது அடங்கிய பிறகுதான் பானையை ஏற்ற வேண்டும். பால்மரம் இல்லாத ஊர்க்காரர்கள் பழைய சைக்கிள் டியூப்பைக் கீற்றாக நறுக்கி வைத்துக்கொள்ளலாம், அதுவும் இப்படியே எரியும். இன்றும் என் வெற்றிலைப் பையில் இரண்டு துண்டு ஒட்டுப்பால் கிடக்கும். அன்றைக்கு அதுதான் சோறு போட்டது.

விறகையும் தரையில் பொறுக்கக்கூடாது. நின்றபடியே பட்டுப்போன மரத்தின் கிளையை வெட்டி நீளவாக்கில் பிளந்தால் நடுவில் காய்ந்திருக்கும். அதைச் சுருள் சுருளாகச் சீவ வேண்டும். மூங்கிலைக் கணுவோடு முழுசாகப் போடாதீர்கள், வெடிக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் இரண்டு சாதா லைட்டர் வாங்குங்கள். ஒன்று சட்டைப்பையில், மற்றொன்று மூடி இறுகிய டின்னில். நனைந்தால் ஊதி, சக்கரத்தைக் காய்ந்த துணியில் உருட்டினால் மறுபடி பொறி வரும். தீப்பெட்டி நம் காட்டுக்கு ஆகாது. குச்சி காய்ந்திருந்தாலும் பெட்டியின் மருந்துப்பக்கம் ஊறிவிட்டால் போச்சு. டின்னில் கற்பூரமும் பஞ்சும் இருக்கட்டும். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் காற்றிலேயே கரைந்துவிடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோல் மூன்றாவதுதான், ஆனால் நனைந்தாலும் கெடாது என்பதால் கூடவே இருக்கட்டும்.

கோலை நான் குறை சொல்லவில்லை. லைட்டர் கல்லும் அதே உலோகக் கலவைதானாம், 1903-இல் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கியது என்று பேரன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். அவரேதான் விளக்கில் ஒளிரும் மேண்டல் வலையையும் கண்டுபிடித்தாராம். எஸ்டேட் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் கட்டுவோமே, தொட்டால் உதிருமே, அதே மேண்டல். அன்றிலிருந்து அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு மரியாதை.

அந்தக் கோல் இப்போது என் அடுப்படியில் தொங்குகிறது. கேஸ் அடுப்பில் பொறி வருவது நின்று மூன்று மாதமாகிறது. பேரன் திருப்பிக் கேட்கிறான். இன்னொன்று வாங்கிக்கொள், சாயத்தைச் சுரண்ட மறக்காதே என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.