சைலன்சரை வெட்டும் முன் சங்கிலியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய செயின் சாவின் (எஞ்சினில் ஓடும் சங்கிலி ரம்பம்) சைலன்சரில் கூடுதலாக ஒரு ஓட்டை போட்டால் மரம் வேகமாக அறுபடும் என்று உங்கள் நாளிதழில் ஒரு துணுக்கு வந்திருந்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். விட்டுப்போன பாதிதான் எஞ்சினைக் காப்பாற்றுகிற பாதி. அதைப் படித்துவிட்டு யாராவது டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்திருப்பார்களே என்ற கவலையில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த சாக்களில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை எவ்வளவு தடையில்லாமல் வெளியே போகிறதோ அவ்வளவுக்குக் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த புதுக் கலவை உள்ளே வரும். வழி குறுகலாக இருந்தால் பழைய புகை கொஞ்சம் சிலிண்டருக்குள்ளேயே தங்கி, வரவேண்டிய கலவையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வழியை அகலமாக்கினால் பவர் கூடுவது உண்மைதான். ஆனால் காற்று கூடும்போது பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும், இரண்டையும் கலக்கும் பழைய கார்புரேட்டர் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது. அதிலுள்ள திருகைத் தொடாமல் விட்டால் கலவை மெலிந்துபோகும், அதாவது பெட்ரோல் குறைந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் கலவை மெலியும்போது சூடு ஏறுவதும் பிஸ்டனுக்கு வழவழப்பு குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். முதல் சில வெட்டுகளுக்கு சா பிரமாதமாகப் பாயும், கீச்சென்று சுற்றும் சத்தத்தைக் கேட்டுப் பவர் கூடிவிட்டது என்றே நினைப்பீர்கள், அப்புறம் ஒரு கனமான வெட்டின் நடுவில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கீறலாக இருக்கும். பழைய சாவுக்குச் சிலிண்டரும் பிஸ்டனும் தேடி அலைவது என்ன பாடு என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே சைலன்சரில் கை வைத்தால் கார்புரேட்டரிலும் கை வைத்தே ஆக வேண்டும். கார்புரேட்டரில் எல், எச் என்று இரண்டு திருகுகள் இருக்கும், எல் குறைந்த வேகத்துக்கு, எச் முழு வேகத்துக்கு. ஐடில் வேகத்துக்குத் தனியாக ஒன்று. எச் திருகை இடப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த எஞ்சினில் டியூன் செய்வது வீண். பிறகு மரத்தில் வைக்காமல் சில விநாடி மட்டும் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் காதால் கேளுங்கள். சரியான கலவையில் சத்தம் கீச்சென்று ஒரே சீராக இருக்காது, கொஞ்சம் தடதடத்து, விட்டு விட்டு எரிவதுபோல ஒரு கரகரப்பு இருக்கும். அதே சாவை மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிந்துவிட வேண்டும், தூக்கினால் மறுபடி வர வேண்டும். மரத்திலும் கரகரவென்றே இருந்தால் பெட்ரோல் அதிகம். தூக்கும்போதுகூடத் தெளிவாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு, உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். எஞ்சின் சுழற்சியை அளக்கும் டாக்கோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, அந்த மாடலுக்குக் கம்பெனி சொன்ன அதிகபட்ச ஆர்பிஎம்மைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு பத்தி உங்கள் துணுக்கில் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று, பழைய சா எல்லாமே சைலன்சர் அடைத்த சா இல்லை. அமெரிக்காவில் 1990களின் நடுவில் சிறிய எஞ்சின்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு வந்த மாடல்கள் பலவற்றில்தான் வெளியேறும் வாய் மிகச் சிறிதாக இருக்கும், சிலவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கும். அப்படிப்பட்டதைத் திறந்துவிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். அதற்கு முந்தைய சாக்கள் பலவற்றில் வாய் ஏற்கெனவே தாராளமாகத்தான் இருக்கும், அதை இன்னும் பெரிதாக்கினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. சைலன்சரின் வாய்ப் பரப்பு, சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) பரப்பில் முக்கால் பங்கு இருந்தால் போதும் என்பது அனுபவப்பட்டவர்கள் கணக்கு. முதலில் இரண்டையும் அளந்து பாருங்கள். அளக்கும்போதே சைலன்சர் வாயில் தீப்பொறியைத் தடுக்கும் வலையையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அந்தச் சல்லடை கரியால் அடைத்திருந்தால் எந்த சாவாக இருந்தாலும் திணறத்தான் செய்யும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தால் போன பவர் திரும்ப வந்துவிடும், டிரில்லுக்கே வேலை இருக்காது. எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி படிந்திருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கவிடாமல், போர்ட் முழுக்க மூடியிருக்கும்படி நிறுத்திக்கொண்டு, மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

இங்கேதான் எனக்கு அடிப்படையான வருத்தம். பழைய சா மெதுவாக அறுக்கிறது என்றால், பெரும்பாலும் அது பிறந்தபோது இருந்த பவர் குறைந்துபோனதால்தான். இருந்ததை மீட்காமல் புதிதாகச் சேர்க்கப் பார்ப்பது தலைகீழான வேலை. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரஷன் கேஜை ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும் வரை ஸ்டார்ட் கயிற்றை இழுங்கள். 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. 110, 120 என்று நின்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை மாற்றாமல் சைலன்சரைத் திறந்து என்ன பயன்? கார்புரேட்டர் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) பழசானால் விறைத்துப்போகும், பெட்ரோல் டியூப் வெடித்து உள்ளே காற்று இழுக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். கிராங்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கசிந்தால் அங்கிருந்தும் காற்று புகுந்து கலவையை மெலிய வைக்கும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினாலோ, ஐடிலில் சாவைச் சாய்க்கும்போது வேகம் மாறினாலோ முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தக் கசிவோடு சைலன்சரையும் திறந்துவிட்டால், எச் திருகை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின் நிலைக்காது.

இப்போது சங்கிலிக்கு வருகிறேன். எஞ்சினில் என்ன செய்தாலும் மரத்தைத் தொடுவது சங்கிலிதான். இன்று எல்லோரும் போடும் அந்த வளைந்த பல், மரம் துளைக்கும் ஒரு வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி வடிவமைத்தது, 1947இல் விற்பனைக்கு வந்தது. அந்தப் பல் மரத்தைச் சுரண்டுவதில்லை, சீவி எடுக்கிறது. அதனால் கீழே விழுவதைப் பார்த்தாலே சங்கிலியின் நிலை தெரிந்துவிடும். குறுக்கே அறுக்கும்போது பட்டையான சீவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது, மாவுபோல் தூளாக விழுந்தால் மழுங்கிவிட்டது. வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், பெரும்பாலும் அந்த எதிர்ப்பக்கப் பல் மழுங்கியோ குட்டையாகவோ இருக்கும். சாவைக் கையால் அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள்.

பல் தீட்டும்போது அரத்தின் அளவு முக்கியம். பிட்ச் (கண்ணி இடைவெளி) 0.325 அங்குலமுள்ள சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருளை அரம், எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியில் சின்ன வகைக்கு 4 மில்லிமீட்டர், பெரிய வகைக்கு 5.2 அல்லது 5.5. பொதுவாக 30 டிகிரிக் கோணத்தில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். வெளிச்சத்தில் பல்லைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது இன்னும் மழுங்கல்தான், கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. அந்தக் கோடு மறையும் வரை தேய்க்க வேண்டும், எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் வர வேண்டும். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பல்லுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறதே, அதுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தீட்டத் தீட்டப் பல் தாழ்ந்துகொண்டே வரும், மேடு அப்படியே நிற்கும், கடைசியில் பல் கூராக இருந்தும் மரத்தில் பதியாது. பெரும்பாலான சங்கிலிகளுக்கு இந்த உயர வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர். இந்த உயரத்தை அளக்கும் கேஜை வைத்து, தட்டை அரத்தால் மேட்டை அந்த அளவுக்கு இறக்கினால் அதே சா வேறு சாவாகிவிடும். அளவு தெரியாமல் அதிகம் இறக்கிவிட்டால் பல் மரத்தைக் கவ்விக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடும், சா முகத்தை நோக்கி உதைக்கும் ஆபத்தும் கூடும். கேஜ் இல்லாமல் தொடாதீர்கள்.

சங்கிலி ஓடும் நீளமான தகடான ‘பார்’ விஷயமும் அப்படித்தான். சின்ன எஞ்சினில் நீளமான பார் போட்டுவிட்டுப் பவர் இல்லை என்பவர்கள் நிறையப் பேர். 50 சிசி சாவுக்கு 16 அல்லது 18 அங்குலப் பார் பொருத்தம், 20க்கு மேல் போனால் சங்கிலியை இழுக்கவே நிறையச் சக்தி போய்விடும். எஞ்சினில் இழுவை உண்மையிலேயே மிச்சமிருந்தால் சங்கிலியை ஓட்டும் 7 பல் ஸ்ப்ராக்கெட்டை (பல்சக்கரம்) 8 பல்லாக மாற்றிப் பார்க்கலாம், சங்கிலி வேகம் சுமார் 14 சதவீதம் கூடும், இழுவை அதற்கேற்பக் குறையும். மெல்லிய மரத்துக்கு நல்லது, தடித்த கடின மரத்தில் திணறும்.

சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) எடுத்துவிட்டுக் கம்ப்ரஷனைக் கூட்டுவது, போர்ட்டைத் தேய்த்து அகலமாக்குவது, ஃப்ளைவீல் கீயைத் தேய்த்து டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை) முன்னே நகர்த்துவது, இவையெல்லாம் உண்டு, பலன் தருவதும் உண்டு. ஆனால் கேஸ்கெட்டை எடுக்கும் முன் ஈயக் கம்பியை பிளக் துளை வழியாக சிலிண்டர் ஓரம் வரை விட்டு, பிஸ்டனை ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்தாக வேண்டும். கேஸ்கெட்டின் கனத்தைக் கழித்தபின் 0.5 மில்லிமீட்டராவது மிஞ்சவில்லை என்றால் பிஸ்டன் சிலிண்டரின் மேல்பகுதியில் இடிக்கலாம். போர்ட்டைத் தேய்த்தவர் விளிம்பைச் சாய்த்து விடாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். இவை செய்து பழகிய மெக்கானிக்கின் வேலை, செய்தித்தாள் பார்த்துச் செய்யக்கூடியவை அல்ல.

கடைசியாக, இது விட்டுப்போகக் கூடாது. சைலன்சரைத் திறந்தவர்கள் தீப்பொறி வலையையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். காய்ந்த இலையும் சருகும் கிடக்கிற இடத்தில் ஒரு கரித் துணுக்கு போதும், காடே பற்றிக்கொள்ளும். புது வாய்க்கும் வலை மாட்டுங்கள், சூடான புகை டேங்க் பக்கமோ கைப்பிடிப் பக்கமோ திரும்பாதபடி வைத்துக்கொள்ளுங்கள். சா முன்பே காதைக் கெடுக்கும் சத்தம், திறந்த பிறகு கேட்கவே வேண்டாம், காதடைப்பு இல்லாமல் தொடக் கூடாது. செயின் பிரேக் (சா உதைத்தால் சங்கிலியை நிறுத்தும் பிரேக்) இல்லாத மிகப் பழைய சாவாக இருந்தால் வேகத்தைக் கூட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சங்கிலியைக் கூராக வைத்துக்கொண்டு அதன் போக்கில் ஓட்டுங்கள், போதும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: அந்தத் துணுக்கை மறுபடி போடுவதாக இருந்தால் எச் திருகையும் தீப்பொறி வலையையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் ஓட்டை போடும் பகுதியை எடுத்துவிட்டு, பல் தீட்டும் முறையைப் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்